நோட்டு இருக்குது, செடி இல்லீங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன வாரம் நம்ம பேப்பர்ல பிளஸ் டூ முடிச்ச பசங்க என்னென்ன படிக்கலாம்னு ஒரு முழுப் பக்கம் போட்டிருந்தீங்க, கண்ணாடிய மாட்டிக்கிட்டு ஒரு வரி விடாம படிச்சேன். என்ஜினியரிங்ல மட்டும் இருபது பிரிவு இருந்துச்சு. வேளாண்மைனு ஒரு கட்டத்துல ரெண்டு வரி, தோட்டக்கலைங்கற பேரு அதுக்குள்ள ஒரு ஓரமா. பூச்செடி ஆராய்ச்சி, புது ரகம் உண்டாக்கற வேலை, இதப் பத்தி ஒரு சொல்லு கூட இல்லீங்க. சத்தியமங்கலத்துல உக்காந்துக்கிட்டு, தெருமுனையில பூ மூட்டை ஏத்தற வண்டிச் சத்தத்தக் கேட்டுக்கிட்டே அதப் படிச்சப்ப மனசு தாங்கல, அதான் எழுதறேன். கொஞ்சம் நீளமாப் போனா பொறுத்துக்கோங்க.

நான் முப்பது வருஷத்துக்கு மேல பூச்செடி ஆராய்ச்சியில வேலை பார்த்து ரிட்டயர் ஆனவ. எங்க அய்யனுக்கு முல்லைத் தோட்டம் ஒரு ஏக்கரா, ஓரமா கொஞ்சம் சம்பங்கி. முல்லை மலர்ந்துட்டா வெலை போச்சு, மொட்டாவே மார்க்கெட்டுக்குப் போய்ச் சேரணும், அதனால ராத்திரி ரெண்டு மூணு மணிக்கே எந்திரிச்சு டார்ச்ச நெத்தியில கட்டிக்கிட்டு ஆத்தாவும் நாங்களும் வரிசையாப் பறிப்போம், பனியில வெரல் மரத்துப் போயிரும். பூப்பறிக்கற நோம்பிக்கு ஊர்ப் பொண்ணுங்க எல்லாம் ஆவாரம்பூ பறிக்கக் கூட்டமா பாட்டுப் பாடிட்டுப் போவாங்க, எனக்கு வருஷம் பூராவுமே பூப்பறிக்கற நோம்பிதான்.

1980-ல கோயமுத்தூர் வேளாண் பல்கலைக்கழகத்துல தோட்டக்கலை படிக்க எடம் கெடச்சுது. சொந்தக்காரர் ஒருத்தர் வீட்டுக்கு வந்து, "பூப் பறிக்கறதுக்கு ஒரு காலேஜா, புள்ளைய டீச்சர் ட்ரெய்னிங்குக்கு அனுப்பு மாப்ள"ன்னு அய்யன்கிட்டச் சொல்லிட்டுப் போனார். அய்யன் அவருக்கு ஒண்ணும் பதில் சொல்லல. பஸ் ஏத்தி விட வந்தப்ப மடியில இருந்து ஒரு முல்லைக் கொழுந்த எடுத்து எங் கையில குடுத்தாரு. எலை, தண்டு, மொட்டு எல்லாத்து மேலயும் வெள்ளையா பஞ்சு ஒட்டுன மாதிரி மயிரு மண்டிக் கெடந்துச்சு. "கண்ணு, இது என்னத்துனால வருதுன்னு அங்க யார்கிட்டயாவது கேட்டுட்டு வா"ன்னாரு. நெம்ப வருஷமா அவரோட தோட்டத்துல அந்தச் சீக்கு, மொட்டே வராம செடி நின்னு போகும், அவருக்கு அது காத்துச் சீக்கா கண்ணேறான்னே தெரியாது.

அந்தக் கொழுந்த மைக்ராஸ்கோப்புக்கு அடியில வெச்சுப் பார்த்த நாள் இன்னும் ஞாபகம் இருக்குதுங்க. அந்த மயிர்க் காட்டுக்குள்ள வெளிறின நெறத்துல, புழு மாதிரி நீளமா, முன்னாடி மட்டும் நாலே நாலு காலோட ஊர்ந்துக்கிட்டு இருந்துச்சு. சிலந்தி இனத்தச் சேர்ந்த பேன், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. அது கடிக்கறதுனால செடியே அந்த மயிர வளர்த்துக் குடுக்குது, அதுக்குள்ள அது பத்திரமா குடியிருக்குது, மருந்தடிச்சாலும் உள்ள போய்ச் சேர மாட்டேங்குது. அப்பறம்தான் எங்க வாத்தியார் பாரிமுல்லைங்கற ரகத்தக் காட்டினார், அதே பல்கலைக்கழகத்துல இருந்து வந்த ரகம், அதுல அந்தப் பேன் பெருசா ஏறறதில்ல. ஒரே முல்லை, ஒரே மண்ணு, ஒரு செடி தாங்குது இன்னொண்ணு தாங்கலைன்னா அந்த வித்தியாசம் செடிக்குள்ளயே இருக்குதுன்னு அர்த்தம், அதத் தேடி எடுத்து இன்னொரு செடிக்குள்ள கொண்டு வர முடியும்னு அர்த்தம். அன்னைக்கே முடிவு பண்ணீட்டேன், இதுதான் நம்ம வேலைன்னு.

இந்த வேலை எப்படி நடக்குதுன்னு வெளிய நெறயப் பேருக்குத் தெரியாதுங்க, அதனால சொல்றேன். ரெண்டு செடியத் தேர்ந்தெடுக்கறோம், ஒண்ணு சீக்கு தாங்கறது, ஒண்ணு நல்லா நீளக் காம்போட பெருமொட்டா வர்றது. தாய்ச்செடியில நாளைக்கு மலரப் போற மொட்டு எதுன்னு பார்த்து, மலர்றதுக்கு முன்னாடியே ஊசியில குழலப் பக்கவாட்டுல கீறணும். முல்லைக்கு உள்ள ரெண்டே ரெண்டு மகரந்தக் காம்புதான், அதுவும் இதழ்க் குழலோட ஒட்டியிருக்கும், குழலோட சேர்த்து உருவினா அதுவும் வந்துரும், நடுவுல மகரந்தத்த வாங்கற சூல்முடி மட்டும் நூலாட்டம் நிக்கும். கை நடுங்குனா அதுவும் போச்சு. அதுக்கு பட்டர் பேப்பர்ல பை தெச்சு மாட்டி, இன்னொரு செடியோட மகரந்தத்த பிரஷ்ல தொட்டு வெச்சு, நூல்ல அட்டை கட்டி தாய் பேரு, தகப்பன் பேரு, தேதி எழுதணும். நூறு மொட்டு இப்படிப் பண்ணினா காய் புடிக்கறது ஏதோ கொஞ்சம். அந்தக் காய் பழுத்துக் கறுப்பாகி, வெதை எடுத்து, நாத்து விட்டு, அந்த நாத்து செடியாகி நல்லா பூக்கறதுக்கே ரெண்டு மூணு வருஷம் ஆயிரும். அதுல பெரும்பாலானத தூக்கிப் போட வேண்டியதுதான். தேறினத குச்சி வெச்சுப் பெருக்கி, பல ஊர்ல நட்டுப் பார்த்து, விவசாயி தோட்டத்துல நட்டுப் பார்த்து, கமிட்டி முன்னாடி வெச்சு, பேரு வாங்கி வெளிய வர்றதுக்கு பத்துப் பன்னண்டு வருஷம் சர்வசாதாரணமா ஓடிப் போயிரும்.

ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கணக்குங்க. குண்டுமல்லியில நாம வளர்க்கற பல வகை காயே புடிக்காது, செல்லுக்குள்ள குணத்தச் சுமக்கற குரோமோசோம் மூணு செட்டா இருக்கற வகையெல்லாம் உண்டு, ரெண்டா இருந்தாத்தான் ஜோடி சேர்ந்து சமமாப் பிரியும், மூணு எப்படிப் பிரியும், அதனால அங்க ஒட்டுச் சேர்க்கற, அதாவது மகரந்தம் வெச்சுக் கலப்புப் பண்ற வழி நெம்பக் குறுகல். டெல்லி கனகாம்பரமும் அந்த ஜாதிதான், மூணு செட்டு, வெதை கெடையாது, குச்சி வெச்சுத்தான் வளர்க்கணும். பிச்சியில கோ.1 ரகத்துல கதிர்வீச்சு குடுத்து, அதுல மாறி வந்ததுல இருந்து எடுத்ததுதான் கோ.2. செண்டுமல்லியில வேற மாதிரி, ஆண் மலட்டு வரிசைன்னு ஒண்ணு வெச்சிருப்போம், ஆனா அந்த வரிசையில பாதிச் செடி மலடு, பாதி மலடு இல்ல, பூத்தாத்தான் எது எதுன்னு தெரியும், பூத்த அன்னைக்கே நடந்து நடந்து பார்த்து மகரந்தம் இருக்கறத பிடுங்கிப் போடணும். ஒரு நாள் லீவு போட்டா அந்த வருஷ வெதை கெட்டுப் போச்சு. ஆப்பிரிக்கன் மேரிகோல்டுன்னு கடையில விக்கறாங்க பாருங்க, அதோட பூர்வீகம் மெக்சிகோ, சம்பங்கியும் அங்கிருந்து வந்ததுதான். இன்னைக்கு நம்ம பக்கம் தோட்டந்தோட்டமா நிக்குதே பிரஜ்வல் சம்பங்கி, மொட்டுல லேசா ரோஸ் சாயல் அடிக்கும், மலர்ந்தா வெள்ளை, அது பெங்களூர் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்துல உண்டானது. மொதல்ல ஒத்தைச் சம்பங்கியையும் அடுக்குச் சம்பங்கியையும் சேர்த்து ஸ்ரீங்கார்னு ஒண்ணு எடுத்தாங்க, அப்பறம் அந்த ஸ்ரீங்காரையும் மெக்சிகன் சிங்கிளையும் சேர்த்து பிரஜ்வல். ஒரு ரகத்து மேல நின்னு இன்னொரு ரகம். மொதல் ரகத்த யாராவது நடுவுல அழிச்சிருந்தா ரெண்டாவது ஏது.

இதெல்லாம் கோட்டு போட்டுக்கிட்டு லேப்ல செய்யற வேலை, நமக்கு எதுக்குன்னு யாராவது நெனச்சா தாராபுரம், மூலனூர் பக்கம் கார்த்திகை மாசம் விடியக்காலைல போய்ப் பாருங்க. கண்வலிக்கிழங்கு பந்தல்ல ஆணும் பொண்ணும் ஒவ்வொரு பூவா தொட்டுத் தொட்டு மகரந்தம் வெச்சுக்கிட்டு இருப்பாங்க. நம்ம மாநிலப் பூ செங்காந்தள்னு சொல்றோமே அதேதான். அந்தப் பூவுல சூல்தண்டு அடியிலயே மடங்கி பக்கவாட்டுல விலகி நிக்கும், மகரந்தம் தானா அதுல போய் விழறது கஷ்டம், கையால வெச்சாத்தான் நல்லாக் காய் புடிக்கும். பூச்செடிக் கல்லூரி வாசலையே மிதிக்காத சனங்க, நாங்க எம்.எஸ்சி.யில கத்துக்கிட்ட வேலைய கைப்பழக்கத்துல செய்யறாங்க. அந்த வெதைய எதுக்கு வாங்கறாங்க தெரியுங்களா, அதுல இருந்து கால்ச்சிசின்னு ஒரு மருந்துச் சரக்கு எடுக்கறதுக்கு. வாத வலிக்கு மருந்தாகற அதே சரக்கு எங்க தொழில்ல ஒரு பெரிய கருவி. முளைக்கற குருத்துல அத சொட்டு விட்டா செல்லு பிரியறப்ப குரோமோசோம் பிரியாம நின்னு ரெண்டு மடங்கா ஆயிரும், பூவு பெருசாகலாம், இதழ் தடிக்கலாம், மலடா இருந்த ஒட்டுச்செடி வெதை புடிக்கறதுக்குக் கூட வழி உண்டாகும்.

அந்தக் கால்ச்சிசின வெச்சு பூமரத்துல வேலை பார்த்த ஒரு அம்மா நம்ம கோயமுத்தூர்ல இருந்து போனவங்கதானுங்க. ஜானகி அம்மாள். தலச்சேரியில 1897-ல பொறந்து, மிச்சிகன்ல டாக்டர் பட்டம் வாங்கி, 1930-கள்ல கோயமுத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்துல கரும்பையும் மத்த புல் ஜாதிகளையும் ஒட்டுச் சேர்த்தவங்க. கரும்பையும் மக்காச்சோளத்தையுமே சேர்த்துப் பார்த்தாங்க. அப்பறம் இங்கிலாந்து போய், டார்லிங்டன்ங்கற விஞ்ஞானியோட சேர்ந்து பயிர்ச்செடிகளோட குரோமோசோம் கணக்கையெல்லாம் தொகுத்து 1945-ல புஸ்தகமாக் கொண்டு வந்தாங்க. விஸ்லிங்கற எடத்துல இருக்கற ராயல் தோட்டக்கலைச் சங்கத் தோட்டத்துல மக்னோலியா நாத்துகளுக்கு கால்ச்சிசின் குடுத்தாங்க. 1951 வாக்குல அவங்க இந்தியாவுக்குத் திரும்பி வந்துட்டாங்க, 1984-ல காலமாயிட்டாங்க. ஆனா அந்த மக்னோலியா மரங்க விஸ்லியில ஒரு மேட்டு மேல இன்னும் நின்னு பூக்குது, அதுல ஒரு ரகத்துக்கு அவங்க பேரே வெச்சிருக்காங்க. அவங்க போனதுக்கப்பறம் எத்தனையோ அதிகாரிங்க மாறியிருப்பாங்க, ஒருத்தரும் அந்த மேட்ட இடிச்சு வேற வேலைக்கு எடுத்துக்கல பாருங்க.

சீமைக்காரன் செய்வான், நம்மால முடியாதுன்னு சொல்லாதீங்க. அந்தக் கரும்பு நிலையத்தையே எடுத்துக்கோங்க. 1912-ல ஆரம்பிச்சாங்க, கோயமுத்தூர்ல கரும்பு நல்லா பூக்கும்ங்கறதுதான் எடம் தேடினதுக்குக் காரணம். அங்க இருந்த விஞ்ஞானிங்க பார்பரும் வெங்கட்ராமனும் நாட்டுக் கரும்பையும் நம்ம ஆத்தோரம் கெடக்கற காட்டு நாணலையும் ஒட்டுச் சேர்த்து கோ 205-ன்னு எடுத்தாங்க, அது வடக்க பஞ்சாப் வரைக்கும் போச்சு. நாணலயே களைன்னு வெட்டிப் போட்டிருந்தா அது ஏது. உலகத்துக் கரும்பு வகையெல்லாம் சேர்த்து கண்ணூர்ல தனியா ஒரு சேகரிப்பு வெச்சிருக்காங்க, எத்தனை டைரக்டர் மாறினாலும் அது அழியல. அதே ஊர்க்காரங்க நாம. கரும்புக்குச் செஞ்சத மல்லிக்கும் முல்லைக்கும் செய்ய முடியாதுங்களா?

ஏன் இத்தனை ஆத்திரமாக் கேக்கறேன்னா எனக்கு நடந்தது ஒண்ணு இருக்குதுங்க. எந்த எடம், எந்த அதிகாரின்னு சொல்ல விரும்பல, அவங்க மேல குத்தம் சொல்றதுக்காக எழுதல.

முல்லையில ஒரு சேர்க்கை பண்ணியிருந்தேன். தாய், பவானி ஆத்தோரம் ஒரு பெரியவர் தோட்டத்துல இருந்து குச்சி வாங்கி வந்தது, அவங்க அப்பாரு காலத்துச் செடின்னார், மார்கழிப் பனியிலயும் விடாம மொட்டு வெக்கும், ஆனா மொட்டு சிறுசு. உங்களுக்கே தெரியும், மார்கழி தையில பூ வரத்துக் கொறஞ்சு சத்தி மார்க்கெட்டுல கிலோ ஆயிரத்தத் தாண்டும், அந்த மாசத்துல பூக்கற செடி விவசாயி கைக்கு வந்தா அவனோட கதையே வேற. அதோட பெருமொட்டு ரகம் ஒண்ணச் சேர்த்தேன். மூணு சீசன் காலைல நாலு மணிக்குப் போய் பை மாட்டினேன். அந்த நாத்துல பதினாலு செடி தேறுச்சு. அதுல ஒண்ணு, வரிசை ஆறு செடி ஒம்பது, மார்கழி இருபதாம் தேதி வாக்குல கை நெறய மொட்டு குடுத்துச்சு, நீளமா, காம்புல லேசா செவப்பு ஓடி. வேலைக்கு வந்த அம்மிணிங்ககிட்டக் காட்டினேன், அவங்க தொட்டுப் பார்த்துட்டு "இது கட்டறதுக்கு வாகா இருக்குதுங்"ன்னு சொன்னாங்க. பூக் கட்டற கை சொல்றத விடப் பெரிய சர்டிபிகேட் எனக்கு வேண்டியதில்ல.

அடுத்த வருஷம் டிரான்ஸ்பர். பொறுப்ப எழுதிக் குடுத்தேன், வரைபடம் போட்டுக் குடுத்தேன், குச்சி வெச்சுப் பெருக்கச் சொல்லிக் குடுத்தேன். எனக்குப் பதிலா வந்தவருக்கு வேற பயிர், வேற புராஜெக்ட், அவர் மேல தப்பு இல்ல. ஒண்ணரை வருஷம் கழிச்சு ஒரு மீட்டிங்குக்கு அந்தப் பக்கம் போனப்ப பார்த்தா அந்த எடத்துல வண்டி நிறுத்தற ஷெட்டு. ஜே.சி.பி. வெச்சு ஒரே நாள்ல சமன் பண்ணீட்டாங்களாம், "பழைய முல்லைச் செடிதானுங்க மேடம், வயசானது"ன்னாங்க. நான் ஒண்ணும் பேசல. வர்ற வழியில பவானிப் பெரியவர் தோட்டத்துக்கு வண்டிய விடச் சொன்னேன், தாய்ச்செடியாவது இருக்குமேன்னு. அவரு காலமாகி ரெண்டு வருஷம், பசங்க எல்லாத்தையும் எடுத்துட்டு தென்னை வெச்சு சொட்டு நீர் போட்டிருந்தாங்க. நோட்டு எங்கிட்ட இருக்குதுங்க, எந்த மொட்டுக்கு எந்தத் தேதியில எந்த மகரந்தம் வெச்சேன்னு ஒண்ணு விடாம எழுதியிருக்குது. செடி இல்ல. செடி இல்லாத நோட்ட வெச்சு என்ன பண்றது?

இது எனக்கு மட்டும் நடந்தது இல்லீங்க, இந்தத் தொழில்ல இருக்கற யாரக் கேட்டாலும் இப்படி ஒண்ணு சொல்லுவாங்க. காரணம் கேட்டா நெனப்புத்தான். நெல்லு அழிஞ்சா பஞ்சம்னு பயப்படறோம், பூவு அழிஞ்சா என்னங்கறோம். இன்னொரு காரணம், ஆராய்ச்சி செய்யற பசங்களுக்கு பிரமோஷனுக்கு வருஷா வருஷம் கட்டுரை எண்ணிக்கை கேக்கறாங்க, ஒரு ரகம் வர பன்னண்டு வருஷம் ஆகும், அதுவரைக்கும் அவன் என்னத்தக் காட்டுவான்? அதனால புத்திசாலிப் பசங்க ஆறு மாசத்துல முடியற வேலையா, எந்த உரம் எத்தனை கிராம், எந்தக் கரைசல்ல பூ எத்தனை நாள் வாடாம இருக்குதுன்னு எடுத்துக்கறாங்க. அதுவும் வேண்டிய வேலைதான், இல்லைன்னு சொல்லல. ஆனா ஒட்டுச் சேர்க்கறவன் இல்லாமப் போனா அந்தக் கரைசல்ல வெக்கறதுக்குப் புதுப் பூவு எங்கிருந்து வரும்?

பெத்தவங்களுக்கு ஒரு வார்த்தை. இந்தப் படிப்பு நாலு வருஷம் பி.எஸ்சி., அப்பறம் ரெண்டு வருஷம் எம்.எஸ்சி. பூவியல், அதுக்கு மேல பிஎச்.டி. நம்ம புள்ளைங்க தோட்டக்கலை படிச்சா அரசுத் தோட்டக்கலைத் துறை, பேங்குல வேளாண் அலுவலர், வெதைக் கம்பெனி, திசு வளர்ப்புக் கூடம், நர்சரின்னு வழி இருக்குது. ஆராய்ச்சிக்கே வரணும்னா நெட்ங்கற தகுதித் தேர்வு எழுதணும், காத்திருக்கணும், சீக்கிரமா சம்பளம் வராது, அத மறைச்சுச் சொல்லி உங்க புள்ளைய இழுக்க மாட்டேன். ஆனா பொழுது விடியறப்ப, ஒலகத்துல இதுக்கு முன்னாடி யாருமே பார்க்காத ஒரு பூவு உங்க கை வெச்ச செடியில மொத மொதலா மலர்றதப் பார்க்கற வேலை வேற எதுலீங்க இருக்குது? எனக்கு அது நாப்பது அம்பது தடவை கெடச்சிருக்குது. ஒவ்வொரு தடவையும் கண்ணு கலங்கியிருக்குது.

இப்ப நான் கேக்கறது பெருசா ஒண்ணுமில்லீங்க. ஒரு ஆராய்ச்சியாளர் மாறிப் போனா, ரிட்டயர் ஆனா, அவரோட தேர்ந்த செடிகள ரெண்டு ஊர்ல ரெண்டு எடத்துல நட்டு வெச்ச பிற்பாடுதான் அவர விடுவிக்கணும்னு ஒரு விதி போடுங்க. லேப்டாப்பையும் பீரோச் சாவியையும் எண்ணி வாங்கிக் கையெழுத்துப் போடறாங்க, செடிய எண்ணி வாங்கறதில்ல. அப்பறம் நம்ம விவசாயிங்களுக்கு: 2001-ல வந்த பயிர் ரகப் பாதுகாப்பு, விவசாயிகள் உரிமைச் சட்டத்துல விவசாயி தன்னோட ரகத்தத் தன் பேர்லயே பதிவு பண்ணிக்கலாம். கோபி, பவானி, சத்தி, அன்னூர், தொண்டாமுத்தூர் பக்கம் உங்க அப்பாரு காலத்து முல்லையோ, மல்லியோ, மரிக்கொழுந்தோ, வேலி ஓரம் பேர் தெரியாத ஒரு செவ்வந்தியோ நின்னா, தென்னை வெக்கறதுக்கு முன்னாடி நாலு குச்சி வெட்டி பக்கத்துத் தோட்டத்துல ஒண்ணு ஊனி வெச்சுருங்க. பனியில பூக்குதா, சீக்கு தாங்குதா, வாசனை ராத்திரி வரைக்கும் நிக்குதான்னு ஒரு காயிதத்துல எழுதி வெச்சாப் போதும்.

எங்கிட்ட ஏழு நோட்டு இருக்குதுங்க, முல்லை நாலு, பிச்சி ரெண்டு, செண்டுமல்லி ஒண்ணு. பூச்செடி ஆராய்ச்சியில சேர்ந்திருக்கற எந்தப் புள்ளையாவது நம்ம பேப்பர் ஆபீசுக்கு எழுதிக் கேட்டா என்னோட விலாசத்தக் குடுத்துருங்க. காலைல ஆறு மணிக்கு மேல எப்ப வந்தாலும் வீட்டுல இருப்பேன். பவானி ஆத்தோரத்துல அந்தப் பனி முல்லை இன்னும் எங்கயாவது ஒரு தோட்டத்துல நிக்கும்னு எனக்கு நம்பிக்கை இருக்குது, கூடப் போய்த் தேடறதுக்கு நானும் தயார்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற தோட்டக்கலைப் பேராசிரியை,
சத்தியமங்கலம்.